புதுப்பிப்பு: தனியா அந்தமான் போயிட்டு வந்துட்டேன்

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, ஒரு பொண்ணு தனியா ஹேவ்லாக் தீவுக்குப் போகலாமான்னு. பாதிப் பேர் வேண்டாம்னீங்க, மீதிப் பேர் டிக்கெட்டைப் போடுன்னீங்க. போட்டேன். டிசம்பர்ல 6 நாள். முழுசா வந்து சேர்ந்துட்டேன்.

ஆளுங்களால தொல்லை இல்ல. போர்ட் பிளேர் ஆட்டோ அண்ணன், நான் அம்மாகிட்ட போன்ல பேசுறதைக் கேட்டு, "மதுரைப் பக்கமாம்மா?"ன்னு ஆரம்பிச்சுட்டார்.

படுத்தினது சூரியன்தான். கடிகாரம் நம்ம நேரம், ஆனா தீவு ரொம்பக் கிழக்க தள்ளி இருக்கு; 5 மணிக்கே பொழுது சாஞ்சிடுது. ராதாநகர் கடற்கரைல அஸ்தமனம் பார்த்துட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினா, 10 கிலோமீட்டருக்கு மேல காட்டு ரோடு, கும்மிருட்டு, போன்ல சிக்னல் இல்ல. ஹெட்லைட்ல ஒரு நண்டு குறுக்க ஓடினதுக்கு நான் போட்ட சத்தம் இருக்கே!

முதல் ரூம்ல தாழ்ப்பாள் ஆடிச்சு. "இங்க திருட்டே கிடையாது மேடம்"னாங்க. பயம் திருட்டைப் பத்தியா? கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுத்தேன், விடிஞ்சதும் வேற இடம் மாறிட்டேன். புக் பண்றப்போ தாழ்ப்பாளை யாரும் படம் எடுத்துப் போடுறதில்ல.

முதலை பத்திக் கேட்டவங்களுக்கு: அது கதை இல்ல. 2010ல ராதாநகர் பக்கத்துல இருக்கிற நீல்ஸ் கோவ்ல ஒரு அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்திருக்காங்க. எச்சரிக்கைப் பலகை இருந்தா தண்ணில இறங்காதீங்க.

மறுநாள்லேர்ந்து அஸ்தமனத்துக்கு முழுக்குப் போட்டுட்டேன். விஜயநகர் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலைல ஐந்தரை வாக்குல டீ கிளாஸோட உதயம் பார்த்தாச்சு.