நாட்டுப்புற இசை படித்தவர்களின் ரசனையாகிவிட்டதா?

கேள்வி (நரிமேடு, மதுரை)

மதுரை அரங்குகளில் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகளுக்குச் செல்லும்போதெல்லாம் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் அலுவலர்களுமே பெரும்பாலும் அமர்ந்திருக்கக் காண்கிறேன். 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் ஊர் ஊராகச் சென்று திரட்டிய பாடல்கள் பல்கலைக்கழகத்தின் வழியாகவே நம்மில் பலரை வந்தடைந்தன. கிராமத்து ஒலிபெருக்கிகளிலோ திரைப்பாட்டுத்தான் ஒலிக்கிறது. அப்படியானால் இவ்விசை இன்று யாருக்குரியது?

மறுமொழி (உசிலம்பட்டி)

அரங்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஐயா. எங்கள் பக்கத்தில் ஊர்ப்பொங்கலுக்கு வரி பிரித்ததும் முதலில் அச்சாரம் கொடுப்பது மேளக்காரர்களுக்குத்தான். நாகசுரம், தவில், பம்பை எல்லாம் சேர்ந்த நையாண்டி மேளம் இல்லாமல் சாமி புறப்பட்டால் ஊரே குறை சொல்லும். முளைப்பாரிக் கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். முளை வளர்த்த மண் ஓடுகளை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றி வர, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்; அவளுக்கு அடி மறந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி கைதட்டை நிறுத்தாமலே அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பாள். இங்கே பாடுகிறவர்களே கேட்கிறவர்களும் என்பதால், பார்வையாளர்களைத் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.

மறுமொழி (மேலூர்)

உசிலம்பட்டி நண்பர் சொல்வது திருவிழாப் பாட்டுக்குப் பொருந்தும், தொழிற்பாட்டுக்குப் பொருந்தாது. பெரியாறு பாசனத்தில் நடவு நடக்கும் எங்கள் வயல்களில் இயந்திரம் இறங்கிய பிறகு, நாற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குனிந்து பாட ஆளில்லை. நடவுப்பாட்டு இப்போது பெரும்பாலும் மேடையில்தான் கேட்கிறது. அதை விரும்பிக் கேட்பவர்கள் படித்தவர்கள்தாம் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பறையின் கதை வேறு. சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட வேலையை இளைஞர்கள் பலர் மறுத்தார்கள்; அந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது. அதே பறையை இன்று கல்லூரிப் பெண்களும் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள் என்றால், அதை வெறும் ரசனை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. கட்டாயம் நீங்கிய இடத்தில்தான் அந்த விருப்பம் பிறந்தது.

மறுமொழி (செல்லூர்)

படித்தவர், பாமரர் என்ற பிரிவே, கள்ளழகரின் வருகையை வர்ணித்துப் பாடும் அழகர் வர்ணிப்புக்கு முன்னால் நிற்காது. சித்திரைத் திருவிழாவில் வர்ணிப்புப் பாடுபவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் மூட்டை தூக்குபவரும் இருப்பார், வங்கி அலுவலரும் இருப்பார். வர்ணிப்புகள் நெடுங்காலமாகவே சிறு நூல்களாக அச்சாகி விற்கப்பட்டவை. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, அறியாத பலர் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

என் கவலையெல்லாம் நேரத்தைப் பற்றியது. அழகர் மலையிலிருந்து இறங்கி, மண்டபம் மண்டபமாகத் தங்கி, வைகைக்கு வந்து சேரும் வரை நீளும் பாட்டு அது. அரங்கில் பத்து நிமிடத்திற்குள் முடிக்கச் சொல்கிறார்கள். பாட்டில் அழகர் வழியிலுள்ள மூன்றுமாவடிக்குக்கூட வந்து சேர்வதில்லை. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் ஆய்வு மாணவர்கள் இதைப் படித்தால், ஒரே ஒரு பாடகரையாவது இரவு முழுவதும் பாட விடுங்கள்.