பழைய வாஷிங் மெஷின் போர்டைச் சரிசெய்யத் தெரிந்தவர் சேலத்தில் உண்டா?

வணக்கம். ஏற்காட்டில் இருக்கிறோம். அம்மா 1990களில் வாங்கிய முன்கதவு வாஷிங் மெஷின். டைமர் குமிழ் டிக் டிக் என்று தானே சுற்றும். மோட்டார் வேகத்தை மட்டும் எலெக்ட்ரானிக் போர்டு கவனிக்கும்.

ஒரு மாதமாக, துவைக்கத் தொடங்கியதுமே டிரம் ஒரே பாய்ச்சலாக வேகமெடுத்து, சில நொடிகளில் நின்றுவிடுகிறது. கார்பன் பிரஷ் புதிது போட்டாயிற்று. மோட்டார் பின்னால் உள்ள, வேகத்தை அளந்து போர்டுக்குச் சொல்லும் டேக்கோ காயிலை மல்டிமீட்டரில் பார்த்தேன், ரீடிங் வருகிறது. காந்தமும் கழலவில்லை. அப்புறம் போர்டைக் கழற்றினேன். ஒரு கெபாசிட்டரின் தலை லேசாக உப்பியிருக்கிறது. ரிலே கால்களைச் சுற்றி சால்டரில் மயிரிழை போல வட்டமாக விரிசல். மலையின் ஈரம் வேறு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் ஷார்ட் ஆகியிருக்குமோ என்றும் சந்தேகம்.

காட்டிய இடத்தில், "போர்டு கிடைக்காது, தூக்கிப் போட்டுடுங்க" என்றார்கள். மனசு வரவில்லை. டிரம், பேரிங் எல்லாம் இன்னும் கல்லு மாதிரி இருக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை பக்கம் போர்டில் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துச் சரிசெய்பவர் இருந்தால் சொல்லுங்கள். மெஷினோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவது கஷ்டம். போர்டையும் மோட்டாரையும் மட்டும் கொண்டுவருகிறேன். டிரையாக்கைக் கழற்றாமலே சோதிக்க வழி இருந்தால் அதையும் எழுதுங்கள்.