சிங்கப்பூர்ல அப்பா உயில் கேஸ்: வக்கீல் பீஸ் யார் தலைல?

ஈசூன்_பொண்ணு:
அப்பா தவறி ஒன்றரை வருஷமாச்சு, உயில்ல எனக்குன்னு ஒரு தொகை எழுதியிருக்காரு, எக்சிகியூட்டர் (உயில்படி சொத்தப் பிரிச்சுக் குடுக்குறவரு) எங்க அண்ணன்தான், கேட்டா "பாக்கலாம் பாக்கலாம்"ங்கிறாரு, இன்னும் கைக்கு வரல. கேஸ் போட்டா செலவு சொத்துலேந்தே எடுப்பாங்களா? லேட்டானதுக்கு வட்டி உண்டா?

தேக்கா_மாமா:
சொத்துலேந்து எடுப்பாங்கன்னு நம்பித்தான்மா பாதி பேரு கோர்ட்டுக்கு ஓடுறாங்க. பொதுவா தோத்தவங்கதான் ஜெயிச்சவங்க செலவ குடுக்கணும், அதுவும் முழு பில்லும் வராது, முடிவு நீதிபதி கையில. உயில் எழுதினவரே குழப்பமா எழுதி அதனால சண்டைன்னா சொத்துலேந்து எடுக்கச் சொல்லலாம். அண்ணன் வேணும்னே இழுத்தடிச்சாருன்னு தெரிஞ்சா அவரு சொந்தப் பாக்கெட்லேந்து கட்ட வேண்டி வரலாம்.

குரோசர்_குமாரு:
வட்டி விஷயம்: பொதுவா எக்சிகியூட்டருக்கு இறந்த தேதிலேந்து ஒரு வருஷம் டைம், அதுக்கப்புறம் ரொக்கத் தொகைக்கு வட்டி ஓடும், உயில்ல வேற மாதிரி எழுதலன்னா. கோர்ட் தீர்ப்புக்கப்புறமும் கட்டாம இருந்தா, கோர்ட் வேற ரேட் சொல்லாதவரைக்கும் வருஷத்துக்கு 5.33 சதவீதம். ஆனா மொதல்ல சொத்துல என்ன மிச்சமிருக்குன்னு கணக்கு கேளுங்க. சிபிஎஃப் (சேமநிதி) காசு உயில்ல சேராது. எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடு ஜாயிண்ட் டெனன்சின்னா, அதாவது பங்கு பிரிக்காம கூட்டா ஓனரா இருந்தா, அதுவும் உயிரோட இருக்குற ஓனருக்குத்தான்.

ஈசூன்_பொண்ணு:
வீடு அம்மா பேரும் சேந்துதான் இருக்கு, ஜாயிண்ட் டெனன்சி. அப்ப மிச்சம் பேங்க் காசு மட்டுந்தான் போல.. கணக்கு கேட்டு அண்ணனுக்கு லெட்டர் போடுறேன்.

தேக்கா_மாமா:
போடுங்க. அதுக்கு முன்னாடி சமூக மன்றத்துல இலவச சட்ட ஆலோசனை நடக்கும், உயில் காப்பிய எடுத்துட்டுப் போங்க.