பை-ஹோல் வைத்த பிறகும் தகவல் கசிகிறதா? எங்கே ஓட்டை என்று எழுதுங்கள்

#1
வீட்டு நெட்டில் விளம்பர, உளவு டொமைன்களை (இணையப் பெயர்களை) தடுக்கும் மென்பொருளான பை-ஹோல் ஓட, ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி (இனி 'பை') போதும், 512 எம்பி ரேம் தாராளம். சார்ஜர் மட்டும் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் உள்ளதாக இருக்கட்டும். பழைய போன் சார்ஜரில் போட்டால் மின்சாரம் பற்றாமல் எஸ்டி கார்டு சீக்கிரமே கெட்டுப்போகும். ஏற்றுவது பத்து நிமிட வேலை. வம்பு ரவுட்டரில்தான்.

பலரும் செய்கிற தப்பு: ரவுட்டரின் இரண்டாவது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று கூகுளின் 8.8.8.8 போடுவது. முதலாவது படுத்தால்தான் இரண்டாவதற்குப் போகும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. போனும் லேப்டாப்பும் இரண்டிலும் கேட்கும். பை மடக்கியதை கூகுள் திறந்துவிடும். இரண்டு கட்டத்திலும் பையின் முகவரியே இருக்கட்டும்.

இன்னொன்று, அந்த முகவரியைப் போட வேண்டிய இடம் லேன் (வீட்டுக்குள்) பக்கத்து டிஹெச்சிபி, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி. வேன் (WAN, நெட் கம்பெனிப்) பக்கத்தில் போட்டால் கொயரி லாக்கில், அதாவது பை-ஹோலின் கேள்விப் பதிவேட்டில், எல்லாக் கேள்வியும் 192.168.1.1 என்ற ரவுட்டரின் ஒரே முகவரியில் வரும். பை-ஹோல் ஒரு கருவிக்கு நிமிடத்துக்கு 1000 கேள்விதான் அனுமதிக்கும். வீடே ஒரு கருவியாகத் தெரிந்தால், ஒரு டிவி அடம்பிடித்தாலும் எல்லாருக்கும் நெட் நின்றுபோகும். "அப்பப்போ நெட் கட் ஆகுது" என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

#2
மேலே சொன்னதெல்லாம் ஐபிவி4 என்ற பழைய முகவரி முறைக்கு; ஐபிவி6 புதிய முறை. நெட் கம்பெனி தரும் ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தன் டிஎன்எஸ்ஸைத் தனியாக அறிவித்துக்கொண்டே இருக்கும், போன் அதைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து, டிஎன்எஸ் சர்வர் வரிசையில் பையைத் தவிர வேறு ஐபிவி6 முகவரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓட்டை அதுதான்.

சில ரவுட்டர்களில் டிஎன்எஸ் மாற்றும் பக்கத்தையே பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு பை-ஹோலில் உள்ளதை இயக்கலாம். அதற்கு முன்னால் பைக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். மறந்தால் அடுத்த ரீபூட்டில் பைக்கே முகவரி கிடைக்காது. இரண்டு டிஹெச்சிபியும் ஒன்றாக ஓடக்கூடாது.

#3
ஸ்மார்ட் டிவி தனி ரகம். திரையில் ஓடும் படத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து, அதன் அடையாளத்தைக் கம்பெனிக்கு அனுப்பும் ஏசிஆர் என்ற வசதி அதில் உண்டு. ஹெச்டிஎம்ஐயில் செட்டாப் பாக்ஸ் மாட்டியிருந்தாலும் விடாது. அமெரிக்காவில் விசியோ கம்பெனி 1.1 கோடி டிவிகளில் இப்படிச் சேகரித்து, 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது.

எனவே முதல் வேலை, செட்டிங்ஸில் ஏசிஆரை அணைப்பது. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி எட்டிப் பாருங்கள்.

சில கருவிகள் நாம் கொடுத்த டிஎன்எஸ்ஸை மதிக்காமல் 8.8.8.8 என்று உள்ளேயே எழுதி வைத்திருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர் இருந்தால், டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாகப் போகும் வாசலான போர்ட் 53இல் போவதையெல்லாம் பைக்குத் திருப்பலாம். பையை அந்த விதியிலிருந்து விலக்காவிட்டால் கேள்வி சுற்றிச் சுற்றி வரும். மாஸ்கரேடும் (கேள்வி ரவுட்டரிலிருந்தே வந்ததாகப் பைக்குக் காட்டுவது) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 8.8.8.8இடம் கேட்ட டிவி, பையிடமிருந்து வரும் பதிலை வாங்காது.

டேஷ்போர்டில் "40% தடுத்தோம்" என்று காட்டினால் மயங்காதீர்கள். தடுக்கப்பட்ட டிவி அதே டொமைனைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

#4
#3க்கு ஒரு சேர்க்கை: போர்ட் 53ஐ மட்டும் பிடித்தால் போதாது. ஆண்ட்ராய்டு 9இலிருந்து உள்ள பிரைவேட் டிஎன்எஸ் (மறையாக்கம் செய்த டிஎன்எஸ்) போர்ட் 853இல் போகும். அதில் ஒரு டிஎன்எஸ் சர்வரின் பெயரை எழுதி வைத்திருந்தால் அந்தப் போன் பையைத் தொடாது. 853ஐ அடைத்தால் அந்தப் போனுக்கு நெட்டே வராது. வீட்டுக்குள் பிரைவேட் டிஎன்எஸ்ஸை அணைத்துவிடுவது சுலபம். ஹெச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் 443இல் மற்ற போக்குவரத்தோடு கலந்து போகிறது, போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது. வீடியோ வரும் டொமைனிலிருந்தே அதுவும் வருகிறது.

ஏதாவது ஆப் திறக்கவில்லையென்றால் மொத்தத்தையும் அணைக்காதீர்கள். கொயரி லாக்கைத் திறந்து வைத்து, ஆப்பைத் திறந்து, அந்த நொடியில் சிவப்பாக வரும் டொமைனை மட்டும் அனுமதியுங்கள். கேஷ்பேக் லிங்க் தடைபட்டால் அனுமதிக்க வேண்டாம், அது உளவு டொமைன் வழியாகத்தான் போகிறது.