புதுப்பிப்பு: 3270 டெர்மினலில் லினக்ஸ் செயலி வந்துவிட்டது

சிங்கப்பூர் ஜூரோங்கில் உள்ள எங்கள் கிடங்கில், மெயின்பிரேமோடு (ஐபிஎம்மின் பெரிய மையக் கணினி) இணைந்த 3270 டெர்மினல்களிலிருந்து (திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்கள்) லினக்ஸில் இருக்கும் சரக்கிருப்புச் செயலியைத் திறக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது!

டிஎஸ்ஓவில் (மெயின்பிரேமில் கட்டளை தட்டும் இடம்) டெல்நெட் கட்டளை (வேறு கணினிக்குள் நுழைய உதவுவது) கொடுத்தாலே இணைப்பு கிடைத்துவிடுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். 3270 ஒவ்வொரு எழுத்தாக அனுப்பாது. என்டரோ பிஎஃப் விசையோ (PF1, PF2 போன்ற செயல் விசை) அழுத்தும்வரை தட்டியதெல்லாம் திரையிலேயே இருக்கும். எங்கள் செயலியோ ஒவ்வொரு விசைக்கும் காத்திருந்தது. அதனால் முழுத்திரை மெனுவைத் தூக்கிவிட்டு, ஒரு வரி கேள்வி, ஒரு வரி பதில் என்று மாற்றினோம். இப்போது பொருள் எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் அடுத்த வரியிலேயே இருப்பு வந்து நிற்கிறது. இரவு ஷிப்ட் அண்ணன்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிற்கும் லினக்ஸ் பக்கத்து ஆஸ்கிக்கும் இடையே மாற்றும்போது சதுர அடைப்புக்குறியைக் கவனியுங்கள். எப்சிடிக்கின் கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) 037இலும் 1047இலும் அதன் குறியீட்டு எண் வேறு வேறு. இந்த ஒரு வரி கேள்வி-பதில் முறையைப் பரிந்துரைத்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி. அடுத்து பிரிண்டர்.