பனியில நிக்கிற பென்குவின் காலு ஏன் உறையல?

மேலூர் தம்பி: மார்கழிக் குளிருக்கே இங்க நமக்கு வெரலு வெறச்சுப் போகுது, அன்டார்டிகால பென்குவின் வெறுங்காலோட ஐஸ்ல நிக்குதே, எப்படிண்ணே? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா.

திருமங்கலம் டீச்சர்: காலுக்குப் போற சூடான ரத்தக்குழாயும் திரும்பி வர்ற குளிர்ந்த குழாயும் ஒட்டிக்கிட்டே ஓடும் தம்பி, சூடு அங்கயே கைமாறி உடம்புக்குத் திரும்பிரும், பாதம் உறையாத அளவுக்கு மட்டும் லேசா சூடு இருக்கும். எம்பரர் பென்குவின்ல ஆண்தான் முட்டையப் பாதத்து மேல வச்சு 2 மாசம் பட்டினியா அடைகாக்கும், நெனச்சாலே மனசு உருகுது.

வைகைக்கரை: மீனையும் சொல்லணும்ல. அங்க கடல்தண்ணி கிட்டத்தட்ட -1.9 டிகிரி, நிறைய மீனுக்கு ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு, அது குட்டி ஐஸ் துணுக்குல ஒட்டி வளரவிடாம தடுத்துரும். வெடல் சீல்னு ஒரு கடல்நாய், பல்லால ஐஸைச் சுரண்டி மூச்சுவிட ஓட்டை வச்சிருக்கும், பல்லே தேஞ்சுரும் பாவம்.

மேலூர் தம்பி: பனிக்கரடி பென்குவினைத் திங்காதா?

வைகைக்கரை: அது வடதுருவம்யா, ரெண்டும் பாத்துக்கவே பாத்துக்காது.