மறு: மறு: சாம்சன் போஸ்ட்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திங்கள் காலை. சென்னை, மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். மரப்படகு கட்டப் பழகுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 18 அடிப் படகில் நங்கூரச் சாமான்களைப் பொருத்தும் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

படகின் முன்முனையான அணியத்தின் நுனியில் நங்கூரக் கயிறு மரத்தில் உரசாமல் ஓட ஓர் உருளை வைக்கிறார்கள். அதற்கு 'அணிய உருளை' என்று எழுதிவிட்டேன். கயிற்றைச் சுற்றிக் கட்ட இரு பக்கமும் கொம்பு நீட்டிய கிளீட்டுக்குக் 'கயிற்றுக்கொம்பு'. சாம்சன் போஸ்ட்தான் சிக்கல். மேல்தளத்தின் வழியே கீழே இறங்கி, அடியில் படகின் முதுகெலும்பான ஏராவோடு செருகி நிற்கும் தடித்த மரம் அது. நங்கூரம் தரையைப் பிடித்ததும் படகின் இழுப்பெல்லாம் அதன் மேல்தான் வரும். 'நங்கூரத் தூண்' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தூண் மேலிருப்பதைத் தாங்குவது. இது பக்கவாட்டில் இழுபடுவது.

திங்கள் மாலை. தஞ்சாவூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்

அம்மா, உங்களுக்கு வேண்டிய சொல் பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. புகார்த் துறையில் அலையில் ஆடிக்கொண்டு நிற்கும் நாவாய்களுக்கு அங்கே உவமை 'வெளில் இளக்கும் களிறு'. கட்டிய கம்பத்தை ஆட்டி ஆட்டித் தளர்த்தும் யானை. வெளில் என்பது அந்தக் கம்பம். மதுரைக்காஞ்சியில் உவமை அப்படியே திரும்புகிறது. கட்டுகம்பமான கந்தை விட்டு அறுத்துக்கொண்டு திரியும் மதயானைக்குப் புயலில் கயிறறுந்து சுழியில் சிக்கிய நாவாய் உவமையாகிறது. யானை கட்டும் கம்பத்தையும் படகு கட்டும் கம்பத்தையும் நம் புலவர்கள் ஒன்றாகவே பார்த்திருக்கிறார்கள். வெளில், கந்து இரண்டில் ஒன்றை எடுங்கள். என் வாக்கு வெளிலுக்கு.

திங்கள் இரவு. மதுரை, இதழ் ஆசிரியர்

ஐயா, கந்து என்றதும் இன்று யாருக்கும் யானை நினைவுக்கு வராது, வட்டிதான் வரும். வெளிலுக்கு அணில் என்ற பொருளும் பழைய இலக்கியத்தில் உண்டு. அகராதியைப் புரட்டும் மாணவன் படகில் அணிலைத் தேடுவான். ஆங்கிலத்தில் இதற்கு விவிலியத்துச் சாம்சனின் பெயரை வைத்திருக்கிறார்கள், தமிழ் விவிலியத்தில் அவர் சிம்சோன். தென்கடற்கரை ஊர்களில் அந்தப் பெயரை அறியாத வீடு குறைவு. 'சிம்சோன் கட்டை' என்றால் என்ன குறை?

செவ்வாய் காலை. சிதம்பரம்

அதைவிட அடிப்படையான கேள்வி, நங்கூரமே தமிழா? தமிழ்ப் பேரகராதி அதைப் பாரசீக 'லங்கர்' என்பதிலிருந்து காட்டுகிறது. நல்ல கூர் உடையது என்று பிரித்து நன்+கூர்+அம் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மதுரைக்காஞ்சியின் அதே பகுதியில் 'கல் பொருது' என்று வருகிறதே, அங்கே கல் என்பதற்கு நங்கூரக்கல் என்று பொருள் கொள்கிறார்கள். முதலில் கல்லைக் கட்டித்தானே இறக்கினார்கள்? 'நிலைக்கல்' என்று ஆக்கி, அதிலிருந்து 'நிலைக்கல் தறி', 'நிலைக்கல் உருளை' என்று முறையாக ஒரு சொற்குடும்பத்தைக் கட்டலாம்.

செவ்வாய் காலை. சென்னை, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, இன்னும் மூன்று நாள்தான். நங்கூரத்தை அப்படியே விட்டுவிடுவோம், தயவுசெய்து.

செவ்வாய் மதியம். தூத்துக்குடி, படகுத் தச்சர் குடும்பம்

அக்கா, எங்கள் பட்டறையில் அதை 'முன்கட்டை' என்போம். யாரும் திரும்பக் கேட்டதில்லை. பெயரைவிட எனக்கு வேறு கவலை. அந்த அத்தியாயத்தில் திருகாணியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல வருடம் முன்பு ஒரு சின்ன வள்ளத்துக்கு நானே கயிற்றுக்கொம்பு பொருத்தினேன். மரத் திருகாணி நான்கு போட்டு முறுக்கிவிட்டேன். கையால் இழுத்துப் பார்த்தபோது அசையவில்லை. ஒரு கச்சான் காற்று நாளில் அலை தூக்கித் தூக்கி இழுத்ததில் நான்கும் மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டன. படகு பாறையில் ஏறி ஒரு பக்கப் பலகை போய்விட்டது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

பலகையைத் துளைத்து மறுபக்கம் வரை போல்ட் போக வேண்டும். அடியில் கெட்டி மரத்தில் ஒரு தாங்குபலகை, அதன் மேல் அகல வாசர், அப்புறம் நட்டு. துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸி ஊற்றி, காய்ந்ததும் அதற்குள் சரியான அளவில் மறுபடி துளைத்தால் பலகைக்குள் தண்ணீர் இறங்காது. தாங்குபலகைக்கு ஒரு சொல் யோசியுங்கள், அதை விட்டால்தான் ஆபத்து. கயிற்றின் நீளத்தை மீட்டரோடு பாகத்திலும் (விரித்த இரு கைகளின் நீளம்) போடுங்கள். 3 மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஆக 4. கயிறு என்றால் 7 மடங்கு, 28 மீட்டர். ஏறத்தாழ 15 பாகம் என்றால் எங்கள் ஆட்கள் கையை விரித்தே அளந்துவிடுவார்கள்.

செவ்வாய் இரவு. நாகர்கோவில், பள்ளி ஆசிரியை

தம்பியின் மடலைப் படித்தபின் எனக்கு விஷயம் தெளிவானது. கயிற்றுக்கொம்பு தளப் பலகையைப் பிடித்திருக்கிறது. இந்தக் கட்டை ஏராவையே பிடித்திருக்கிறது. பெயர் அந்த ஊன்றலைக் காட்ட வேண்டும். அதற்குத் 'தறி' போதும். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்று பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். வெட்டுதல் என்ற பொருளிலும் தறி உண்டு, மரத்தைத் தறித்தான் என்கிறோம். தறித்து நட்டது தறி என்று எனக்குத் தோன்றுகிறது. 'தறிகெட்டு ஓடினான்' என்பதும் கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய மாட்டிலிருந்து வந்ததென்றே நினைக்கிறேன். இந்தக் கட்டை போனால் படகும் அப்படித்தானே போகும்? மகர ஈறு கெட்டு வலி மிகும், ஆகவே 'நங்கூரத்தறி'.

புதன் காலை. ஈரோடு

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நெசவு. தறி என்றால் இங்கே நெய்கிற தறிதான். ஒரு சொல்லின் மேல் இத்தனை பாரம் ஏற்ற வேண்டாம். முன்கட்டை என்று உழைக்கிறவர்கள் சொல்லும்போது நாம் ஏன் இன்னொன்று செய்கிறோம்?

புதன் மாலை. யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் வணக்கம். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. முழுக்க மரம். அதைக் கட்டிய மேத்திரிமாரிடம் ஒவ்வொரு கட்டைக்கும் ஆணிக்கும் பெயர் இருந்திருக்கும், இந்தக் கட்டைக்கும்தான். அவர்கள் இருந்தபோது யாரும் இருந்து கேட்டு எழுதவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம். தூத்துக்குடித் தம்பி, உங்கள் தகப்பனார் சொல்கிற சொற்களை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். முன்கட்டை என்பது ஏற்கெனவே பிழைத்திருக்கிற சொல். என் வாக்கு அதற்கு.

வியாழன் மதியம். நாகர்கோவில், பள்ளி ஆசிரியை

முன்கட்டை நல்ல சொல்தான். ஆனால் சில படகுகளில் இதே கட்டை பின்முனையான அமரத்திலும் இருக்கும். அப்போது பின்பக்க முன்கட்டை என்பீர்களா?

வியாழன் இரவு. சென்னை, மொழிபெயர்ப்பாளர்

தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். தறிக்கு ஐந்து, முன்கட்டைக்கு நான்கு, வெளிலுக்கும் சிம்சோனுக்கும் ஒவ்வொன்று. 'நங்கூரத்தறி' என்று போகிறேன். ஆசிரியை அம்மாவின் கடைசிக் கேள்விதான் என்னைச் சாய்த்தது. பொருட்பெயர்ப் பட்டியலில் 'முன்கட்டை என்றும் சொல்வர்' என்று சேர்த்திருக்கிறேன். 'தாங்குபலகை' தம்பி எழுதியபடியே இருக்கும். திருகாணிப் பகுதியை மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டேன். போல்ட் என்றுதான் இருக்கிறது, என் வரைவில்தான் தவறு.

வியாழன் இரவு. தஞ்சாவூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

வெள்ளி காலை. தூத்துக்குடி, படகுத் தச்சர் குடும்பம்

அக்கா, நீங்கள் அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். நங்கூரத்தறி என்று வாசித்தும் காட்டினேன், தலையாட்டினார். அப்புறம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முன்கட்டை மேல்நுனி சப்பட்டையா இருக்கு, தண்ணி நின்னு உளுத்துப்போகும், நாலு பக்கமும் சரிவு வெட்டச் சொல்லு" என்றார். படத்தைத் திருத்த நேரம் இருக்கிறதா?